பத்து மணிச் சூரியனைப் பாத்து வச்ச பெட்டி

வா மாப்ளே, திண்ணையில ஒக்காரு. அமெரிக்காவுலேர்ந்து வந்து எறங்குனதும் எறங்காததுமா உங்க அத்தைகிட்ட என்னமோ அளந்தியாமே, உன் கார் ரேடியோவுல நூத்தம்பது சேனல் வருதுன்னு. அவ நேரா எங்கிட்ட வந்து, "நம்ம வீட்டுல ஒரு வாயி பேசுறதையே நீங்க காதுல வாங்க மாட்டீக, அங்க நூத்தம்பதாம்"னு இடிச்சுட்டுப் போனா. உன்னால நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுக்கு வட்டியாத்தான் இப்பக் கூப்புட்டேன்.

ஒண்ணு சொல்லு. நூத்தம்பதுல நீ எத்தனை கேக்குறே? விரல் மடக்கு. மூணு விரலுக்கு மேல மடங்க மாட்டேங்குதே! தப்பில்லப்பா. கல்யாண வீட்டுல இருபத்தொரு பதார்த்தம் வக்கிறாக. சாம்பாருஞ் சோறும் கொஞ்சம் மோருமா முடிச்சுட்டு எந்திரிக்கிறவன் நான். மொய் மட்டும் முழுசாத்தான் எழுதுறேன். நீயும் மாசாமாசம் முழு மொய் எழுதுறவன்.

ஆகாசத்துலேர்ந்து ரேடியோ வர்றது ஏதோ உங்க ஊருச் சங்கதின்னு நெனச்சுக்காதே. நம்ம குளத்தூருக்கும் வந்துச்சு. தெக்குத் தெருவுல ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் இருந்தாரே, சங்கீதப் பைத்தியம், அவுக மாடிக்கு வந்துச்சு. 'வேர்ல்ட்ஸ்பேஸ்'னு பேரு. நம்ம ஏ.ஆர். ரஹ்மான்தான் அதுக்கு விளம்பரத்துல நிப்பாரு. பெட்டியோட ஒரு சின்னப் பலகை ஆன்டெனா. அதை வானத்துல ஒரு எடத்தைக் குறிபாத்துத் திருப்பி வைக்கணும். வாத்தியார் திசைகாட்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்க, நான் பலகையைப் புடிச்சுக்கிட்டு, அரை மணி நேரம் ரெண்டு பேரும் ராகு காலத்துல பல்லியப் பாத்தவன் மாதிரி தட்டழிஞ்சோம். கடைசியில டக்குனு புடிச்சுச்சு. மறுநாள் காலையில பாத்தா, பத்து மணிச் சூரியன் சரியா அந்த எடத்துல நிக்குது. அது பங்குனி மாசம். கெழக்கால, கொஞ்சம் தெக்க சாஞ்சு, ஓங்கி அண்ணாந்து பாக்குற எடம். வாத்தியார் திசைகாட்டியை மடிச்சு உள்ள வச்சுட்டாரு.

அந்த எடத்துல என்ன நின்னுச்சுன்னு அவுரே சொன்னாரு. ஆசியாஸ்டார்னு ஒரு செயற்கைக்கோள். 2000 மார்ச் 21, அதுவும் பங்குனிதான், தென்னமெரிக்காவுல கூரூங்கிற எடத்துலேர்ந்து ஏரியான் ராக்கெட்டுல போச்சாம். அதே ராக்கெட்டுலதான் நம்ம சர்க்காரோட இன்சாட் 3பி-யும் போச்சு. ஒரே வண்டியில நம்மாளும் வெளியாளும் தொத்திக்கிட்டுப் போயி, மேல போனதும் அவனவன் நிறுத்தத்துல எறங்கிக்கிட்டாக. ஆசியாஸ்டார் எறங்குன நிறுத்தம் கெழக்கு 105 பாகை, 36,000 கிலோமீட்டர் ஒசரம். அங்க நின்னுக்கிட்டு இங்க இருக்குற மாடிக்குப் பாடுச்சு.

சேனல் பட்டியல் இருக்கே, அதைச் சொன்னா நீ அசந்துருவே. கர்நாடக சங்கீதத்துக்கு 'ஸ்ருதி'. இந்துஸ்தானிக்கு 'காந்தர்வ்'. பழைய இந்திப் பாட்டுக்கு 'ஃபரிஷ்தா'. தமிழுக்கு 'கே.எல். ரேடியோ', தெலுங்குக்கு 'ஸ்பந்தனா', கன்னடத்துக்கு 'ஸ்பர்ஷா', மலையாளத்துக்கு 'ஆர்.எம். ரேடியோ'. வெள்ளைக்காரன் பாட்டுக்கு வகைக்கு ஒண்ணு. பேச்சுக்கு பிபிசி, சிஎன்என். இது போதாதுன்னு தியானம் பண்றவுகளுக்கு 'மோட்சா'ன்னு ஒண்ணு! எங்கப்பாரு மோட்சத்துக்குக் காசி வரைக்கும் போனாரு. வாத்தியாருக்கு வருசச் சந்தாவுல மாடியிலயே கெடச்சுச்சு.

இப்பத்தான் கதையில முள்ளு இருக்கு. இதை ஆரம்பிச்சவர் நோவா சமாரா. எத்தியோப்பியாவுல அடிஸ் அபாபாவுல பொறந்தவர். ஆப்பிரிக்கக் கிராமங்கள்ல எய்ட்ஸ் வந்து சனங்க கொத்துக் கொத்தாச் சாகுறாக, எப்படி வருது, எப்படித் தடுக்கணும்னு சொல்ல ஒரு வழியும் இல்ல. வானத்துலேர்ந்து சொன்னாத்தான் மூலை முடுக்கெல்லாம் எட்டும்னு 1990-ல கம்பெனி தொடங்குனாரு. 1998-ல ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிஸ்டார் போச்சு, அதுக்கு அப்புறம் நம்ம பக்கத்துக்கு ஆசியாஸ்டார். நெனப்பு தங்கம் மாப்ளே. ஆனா பெட்டி வெலை என்ன? சோத்துக்கு இல்லாதவன் அதை வாங்குவானா? வாங்கினவுகள்ல பெரும்பாலும் நம்ம இந்தியாக்காரக, அதுலயும் பட்டணத்துல வசதியா இருந்தவுகதான். எய்ட்ஸ் தெரியாத ஊருக்குச் சேதி சொல்லக் கெளம்பின ராக்கெட்டு, எரைச்சல் இல்லாம பைரவி கேக்கணும்னு ஆசப்பட்டவுக மாடியில வந்து எறங்குச்சு. வாத்தியார் பைரவி கேட்டது குத்தம்னு நான் சொல்லல. நானும் பக்கத்துல ஒக்காந்து காபி குடிச்சுக்கிட்டுக் கேட்டவன்தான். 2008 அக்டோபர்ல அந்தக் கம்பெனி திவால் மனு போட்டுச்சு. 2009 டிசம்பர் 31-ஓட இந்தியாவுல நிறுத்திட்டாக. வாத்தியார் வீட்டு அம்மா அந்தப் பலகை மேல வடாம் காயவச்சாக. நல்லா வெயில் படுற எடமாச்சே.

இதுல எனக்கு என்ன புரிஞ்சுச்சுன்னா, கேக்குறவனுக்குக் கேட்டதைக் குடுக்குறது சுளுவு. கேக்காதவன் காதுல அவனுக்கு வேண்டியதைப் போடுறதுதான் பெரும்பாடு. அந்தப் பெரும்பாட்டைப் பட்டது நம்ம திருச்சி ரேடியோ.

சிரிக்காதே. 1939 மே 16-ல தொடங்குன நிலையம் அது, உங்க அமெரிக்காவுல இந்த வானத்து ரேடியோவை எல்லாம் யாரும் கனவுல கூட காணாத காலம். நம்ம ஊருல பஞ்சாயத்து ரேடியோ ஒண்ணே ஒண்ணு, கம்பத்துல குழாய் கட்டி வச்சுருக்கும். பாட்டுக்காகத்தான் போயி நிப்போம். ஆனா பாட்டு நம்ம இஷ்டத்துக்கு வராது. முன்னால 'வீடும் வயலும்' ஓடும். உரம், பூச்சி, விதை, நாத்தங்கால்னு பேசிக்கிட்டே இருப்பாக. நாங்க பொடியன்க கல்லை ஒதைச்சுக்கிட்டு நிப்போம். மாத்த முடியாது; மாத்துறதுக்கு வேற என்ன இருக்கு? பாட்டு எப்ப வரும்னு தெரியாததால எடத்தை விட்டு நகரவும் முடியாது. அப்படி நின்னவுக காதுல தானா வந்து விழுந்ததுதான் ஆடுதுறை 27.

அறுபதுகளின் நடுவுல வந்த குறுவை நெல்லு அது. திருச்சி ரேடியோ திரும்பத் திரும்ப அதைப் பத்திச் சொல்லப் போயி, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சம்சாரிக அதுக்கு 'ரேடியோ நெல்'னே பேரு வச்சுட்டாக. நமக்குக் காவிரி கெடையாது, மழையும் குளமும் பாத்து பொழைக்கிற சனம். ஆனாலும் எங்க சித்தப்பா, சினிமாப் பாட்டுக் கேக்கப் போன மனுசன், அந்தப் பேச்சைக் கேட்டுட்டு மறுவாரமே ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்தக்காரக வீட்டுக்குப் போயி விதை கேட்டாரு. எனக்கு அப்பப் பதிமூணு வயசு. "பாட்டுக் கேக்கப் போனவன் விதைநெல்லோட வர்றான்"னு எங்கப்பத்தா திண்ணையில ஒக்காந்து சிரிச்சாக.

உன் கார்ல அந்தச் சித்தப்பா ஒக்காந்திருந்தா, சினிமாப் பாட்டு சேனலை வச்சுட்டு அசையாம இருந்திருப்பாரு. வெவசாயத்துக்கு நூத்தி எத்தனையாவதோ நம்பர்ல தனியா ஓடிக்கிட்டு இருந்திருக்கும், தெரிஞ்சவன் மட்டும் கேட்டிருப்பான்.

இலங்கை வானொலியைச் சொல்லலைன்னு கோவிச்சுக்காதே. காலையில 'பொங்கும் பூம்புனல்' கேட்டுத்தான் பல் வெளக்குனோம். மயில்வாகனமும் அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் நம்ம வீட்டு மாப்பிள்ளைக மாதிரி. ஆனா அதுவும் ஒத்தை வாய்தான். அவுக போட்டதை நாம கேட்டோம்.

இப்ப உங்க ஊருக் கதைக்கு வர்றேன். நானும் விசாரிக்காமப் பேசுறவன் இல்ல, பேரன் போன்ல எல்லாம் காட்டுனான். எக்ஸ்எம்னு ஒண்ணு 2001-ல தொடங்குச்சு. அதோட ரெண்டு செயற்கைக்கோளுக்கும் 'ராக்', 'ரோல்'னு பேரு. நம்ம பக்கம் ஒரு சோடிக் காளை வாங்குனா வைப்போமே, மயிலை, செவலைன்னு, அது மாதிரி. மறுவருசம் சிரியஸ். ரெண்டும் அடிச்சுக்கிட்டு, 2008-ல பங்காளிக பாகத்தைச் சேத்த மாதிரி ஒண்ணாயிட்டாக. ஹோவர்ட் ஸ்டெர்ன்னு ஒருத்தர், அஞ்சு வருசம் பேசுறதுக்கு 2004-ல 50 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாராம். நான் எழுவது வருசமா இந்தத் திண்ணையில ஓசியில பேசுறேன், ஒரு தேத்தண்ணிக்கு வழியில்ல.

லாரிக்காரனுக்குத் தனிச் சேனல் வச்சிருக்கானாம், அதை நான் மெச்சுறேன். ராத்திரி பூரா ஒத்தையில ஓட்டுறவனுக்குத் துணை வேணும். எல்விஸ் பாட்டுக்கே ஒண்ணு, பீட்டில்ஸுக்கு ஒண்ணு. அறுபதாம் வருசத்துப் பாட்டுக்கு ஆறாம் நம்பர், எழுவதுக்கு ஏழாம் நம்பர்னு வயசுவாரியாப் பந்தி போட்டிருந்தாக. அதுவும் போகட்டும். எனக்கு நெஞ்சுல குத்துன ஒண்ணு சொல்றேன். அரசியல் பேச்சுல வலதுசாரிக்கு 'பேட்ரியட்'னு ஒரு சேனல், எதிர்க்கட்சிக்காரனுக்கு 'பிராக்ரஸ்'னு இன்னொண்ணு. ரெண்டு பேருக்கும் நடுவுல நம்பர் ஒண்ணோ ரெண்டோ தான். ஆனா இவன் பேச்சு அவன் காதுல சாகுற வரைக்கும் விழாது. நம்ம டீக்கடையில ஒரே பெஞ்சு, ஒரே பேப்பர். ரெண்டு கட்சிக்காரனும் அடிச்சுக்கிட்டே அதுலதான் ஒக்காந்தாகணும். எவன் கட்சி எங்க நாறுதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஊரு அமைதியா இருக்குறதே அதனாலதான்.

அதனால மாமன் புத்தி ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நீ ரேடியோவை விக்கவும் வேணாம், சந்தாவை நிறுத்தவும் வேணாம். சேனல் மாத்துற பட்டனை மட்டும் எம் மருமககிட்ட குடுத்துரு. அவ என்ன வக்கிறாளோ அதைக் கேளு. எதுத்த கட்சிக்காரன் பேசுனாலும் அணைக்காதே. வயித்துவலிக்காரனுக்குக் கஷாயம் மாதிரி மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் கேளு. எந்த ரேடியோ நெல் எங்கேர்ந்து வந்து விழும்னு யாருக்குத் தெரியும்? ஏன் மொறைக்கிறே? உங்கப்பன்கிட்டயும் இதையேதான் சொன்னேன். அவுரும் இப்படித்தான் மொறைச்சாரு.

சேனலு சேனலுங்கிறியே, நம்ம சில்லாவுல அதுக்கு மூத்த பட்டியல் ஒண்ணு பாறையில இருக்கு. குடுமியான்மலை மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில, கிரந்த எழுத்துல, ஏழாம் நூற்றாண்டுன்னு சொல்றாக. ஏழு பகுதி: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். எண்ணிப்பாரு, ஏழு சேனல். சுரத்தை நாலு நாலாக் கோத்து வெட்டியிருக்கான். ஒரே சுரத்துக்கே ச, சி, சு, செ-ன்னு உயிரெழுத்தை மாத்தி மாத்திப் போட்டிருக்கான். அது நுண்சுருதியா, யாழ் நரம்பை மீட்டுற வகையான்னு படிச்சவுக இன்னும் மல்லுக்கட்டுறாக. வெட்டச் சொன்னவன் ருத்ராச்சாரியார்ங்கிற குருவோட சீடனான ஒரு ராசா. அது மகேந்திரவர்மன்தான்னு பலபேரு, இல்லைன்னு சிலபேரு. சீடப் பிள்ளைக நன்மைக்காகன்னு அவனே எழுதி வச்சிருக்கான். கடைசியில எட்டுக்கும் ஏழுக்கும் இது பொருந்தும்னு தமிழ்ல ஒரு வரி.

எனக்குப் புடிச்சது எது தெரியுமா? ஏழையும் ஒரே பாறையில வெட்டிட்டான். பஞ்சமம் படிக்க வந்தவன் கண்ணு கைசிகத்துலயும் விழுந்தாகணும். சந்தா இல்ல, திவால் இல்ல. ஆயிரத்து முந்நூறு வருசமா வெயில்லயும் மழையிலயும் நிக்குது. பாடிக் காட்டத்தான் ஆள் கெடையாது.

வெள்ளிக்கிழமை போவோம் மாப்ளே. அன்னவாசல் வழியாப் போனா வெயில் ஏறுறதுக்குள்ள போயிரலாம். காரு நீ ஓட்டு. ரேடியோ வேணாம்; உங்க அத்தை பின்னால ஒக்காந்து வர்றா.