திருஷ்டிப் பொட்டும் பியூட்டி ஃபில்டரும்

நெய்வேலி டவுன்ஷிப்பின் மரநிழல் சாலைகளில் கிருஷ்ண ஜெயந்தி வந்தால் ஒரு காட்சி சகஜம். கையில் கேமராவோடு அப்பா; எதிரே மயிற்பீலி சொருகிய இரண்டு வயது வாரிசு. "இங்க பாருடா கண்ணா!" கண்ணன் பார்ப்பதெல்லாம் தெருநாயை.

அந்தக் காலத்து அப்பாக்களிடம் இருந்தது அக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளுக்கு 12 படம்தான். பிள்ளை சிரிக்கும்வரை காத்திருந்தார்கள். இப்போது சிரிப்பதற்குள் நூறு படம் ஆகிவிடுகிறது. இதே நெய்வேலியில் 1957இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எட்டவே மலைமலையாய் மேல்மண்ணை வாரிக் கொட்ட வேண்டும். அப்பாவின் போனிலும் அதே கணக்கு. மேல்மண்ணை மட்டும் யாரும் அள்ளுவதில்லை.

பிள்ளைகளைப் படமெடுக்கும் இந்தப் பைத்தியம் புதியதும் அல்ல. கல்கத்தாவில் பிறந்து, 1879இல் இலங்கையில் மறைந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு, 48 வயதில் மகள் கேமரா பரிசளித்தார். 'என் முதல் வெற்றி' என்று அவர் கொண்டாடிய 1864ஆம் வருடப் படம் ஒரு சிறுமியுடையது. பாவம், அவள் அசையாமல் உட்கார்ந்தே தீர வேண்டிய காலம்.

நம் கண்ணனுக்கு அந்தக் கஷ்டமில்லை, சிக்கல் பாட்டிக்குத்தான். கன்னத்தில் அவர் வைத்த திருஷ்டிப் பொட்டை பியூட்டி ஃபில்டர் கறையென்று துடைத்துவிடுகிறது.

"அப்ப அந்த போனுக்கே ஒண்ணு வச்சுடுறேன்" என்று மைச்சிமிழோடு வருகிறார்.