கூப்பிய கரம்

ஒரு விஷயத்தை எழுத்தில் அறிவித்த மறு நிமிஷமே, அதே விஷயத்தை அதே இடத்தில் அதற்கு நேர் கீழே விசாரிக்கிற வழக்கம் நம்மவர்களிடத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களும் இன்று காலையில் அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைக் கையிலெடுத்திருப்பார்கள். ஆயினும், தசரா முடிந்த கையோடு எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் நடந்த சம்பவத்தை நினைக்கும்போது எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறபடியால், அதை முதலில் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். பிறகு இந்தக் கட்டுரையின் மெய்யான நோக்கத்துக்கு வந்துவிடலாம். அந்த நோக்கம் இன்னதென்றால், எஞ்சினீயரிங் முடித்துவிட்டுச் சென்னையில் இருக்கும் என் அக்காள் மகன், "மாமா, நானும் உங்களைப் போல டெக்னிகல் ரைட்டிங், வெப் கன்டென்ட், கம்யூனிட்டி மேனேஜ்மென்ட் என்று இந்த லைனிலேயே வந்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறான், வா என்றோ வராதே என்றோ அந்தப் பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

கிழக்கு தில்லிக்காரர்கள் குடிப்பது யமுனை ஜலம் என்று எண்ணித் தெற்கேயுள்ள பந்துக்கள் பரிதாபப்படுவதுண்டு. எங்களுக்கு வருவது பெரும்பாலும் கங்கை. ஹரித்துவாரத்தில் பிரியும் மேல் கங்கைக் கால்வாயிலிருந்து முராத்நகரில் எடுக்கப்படும் நீர், சோனியா விஹார், பாகீரதி என்னும் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்து, ஸ்நானபானங்களுக்கு யோக்கியமாக்கப்பட்டு, எங்கள் குழாய்களில் பிரவேசிக்கிறது. சோனியா விஹார் நிலையத்துக்கு மாத்திரம் நாளொன்றுக்கு 14 கோடி காலன் கொள்திறன் உண்டு. கால்வாய் என்றிருந்தால் வண்டல் சேராமல் இராது. ஆகையால் உத்தரப் பிரதேச நீர்ப்பாசன இலாகாவினர் வருஷந்தோறும் தசராவுக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்களில் கால்வாயை மூடித் தூர் வாருகிறார்கள். அந்த நாட்களில் எங்களுக்கு ஜலம் குறைகிறது. பஞ்சாங்கத்தில் அச்சடிக்கத்தக்க அளவுக்கு நிச்சயமான இந்த விஷயம், எங்கள் குடியிருப்பில் மாத்திரம் வருஷந்தோறும் எதிர்பாராத விபத்தாகவே கருதப்பட்டு வருகிறது.

(1854-இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாயை நிர்மாணித்த ப்ரோபி காட்லி துரை, தாம் செய்த வேலையை விவரித்து மூன்று பெருந்தொகுதிகள் எழுதி 1860-இல் வெளியிட்டார். கால்வாயின் அமைப்பே பிசகு என்று அவருடன் மல்லுக்கு நின்றவர் வேறு யாருமில்லை, நம் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன் துரைதான். 1860-களில் இருவரும் மாறி மாறித் துண்டுப் பிரசுரங்கள் போட்டுத் தாக்கிக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் வரி விடாமல் படித்தாலொழிய அப்படிச் சண்டை போட முடியாது. எங்கள் குடியிருப்பில் ஒரே ஒரு காட்டன் துரை இருந்தால் நான் அவர் காலில் சாஷ்டாங்கமாக விழத் தயார்.)

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக நான் நியமிக்கப்பட்டதற்குக் காரணம், "இவருக்கு இதுதானே உத்தியோகம்" என்று நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சொல்ல, சமோசா ஆறிக்கொண்டிருந்தபடியால் மற்றவர்கள் ஆட்சேபிக்காததுதான். உத்தியோகம் என்று சொல்லிவிட்டார்களே என்று, வாழ்நாளெல்லாம் கற்ற வித்தை முழுவதையும் அந்த ஜல அறிவிப்பில் இறக்கினேன். தலைப்பிலேயே நேரத்தை வைத்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம் என்ற நியமத்தை வழுவவில்லை. "காலை 6 முதல் 7 வரை, மாலை 6 முதல் 7 வரை, மோட்டாரை இந்நேரங்களில் மாத்திரம் போடவும்" என்பதை முதலில் இந்தியிலும் அடுத்து ஆங்கிலத்திலும், தடித்த எழுத்தில், கண்ணாடி அணியாதவரும் படிக்கும்படி அமைத்தேன். அனுப்புகிற பொத்தானிலிருந்து என் விரல் விலகுவதற்குள் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கர்னலிடமிருந்து பதில் வந்துவிட்டது: "பானி கப் ஆயேகா?" (ஜலம் எப்போது வரும்?)

அவரைத் தொடர்ந்து தரைத்தளத்து அம்மாள், காலையில் வருமா, மாலையில் வருமா என்று கேட்டார். மேலே பாருங்கள் என்று நான் எழுதினேன். மேலே என்றால் மொட்டைமாடியிலா என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் வங்கி மேலாளர் ஒருவர் டெலிபோனில் அழைத்து, "பாயீ சாஹப், அதையெல்லாம் படிக்க யாருக்கு அவகாசம்? வாயால் சொல்லிவிடுங்கள்" என்றார். சொன்னேன். அவர் உடனே குழுவில் "காலை 6" என்று இரண்டே வார்த்தைகள் எழுதினார். அதற்குப் பிறகுதான் ஊர் அடங்கிற்று. மாலை ஜலத்தை யாரும் பிடிக்கவில்லை.

இது எங்கள் பேட்டையின் விசேஷ குணம் அன்று என்று ஆறுதல் சொல்ல அறிஞர்கள் இருக்கிறார்கள். ஜேக்கப் நீல்சன் என்ற டேனிஷ்காரர் 1997-இல் பரிசோதித்து எழுதியதன்படி, இணையத்தில் புதிதாகக் காணும் எதையும் 79 சதவீதத்தார் மேலோட்டமாகக் கண்ணோட்டிவிட்டுப் போகிறார்கள். வார்த்தை வார்த்தையாகப் படிப்பவர்கள் 16 சதவீதத்தார். மீதி 5 சதவீதத்தார் எங்கே போனார்கள் என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் எங்கள் 'பி' பிளாக்கில் குடியிருக்கிறார்கள் என்று என்னால் பதில் கூற முடியும். அவருக்குப் பத்து வருஷம் முன்னதாகவே, 1987-இல், காரல், ராஸன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஜனங்கள் கையேட்டைப் படிப்பதில்லை, நேரே இயந்திரத்தில் கை வைத்துவிடுகிறார்கள், படித்தால் காலம் மிச்சமாகும் என்று தெரிந்தும் படிப்பதில்லை என்று ஸ்தாபித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையை நான் உத்தியோகத்தில் சேர்வதற்கு முன்பு யாராவது என் கண்ணில் காட்டியிருக்கலாம்.

விதேச் சஞ்சார் நிகம் 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி பொதுஜனங்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்தில், நான் நேரு ப்ளேஸில் ஒரு மாடிப்படிக்கு அடியிலிருந்த அறையில் உட்கார்ந்து அச்சு இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். கீழேயுள்ள கடைகளில் வாடிக்கைக்காரர் முன்னிலையில் பெட்டியைத் திறக்கும் சடங்கை வேடிக்கை பார்ப்பது உணவு வேளையில் எனக்கொரு பொழுதுபோக்கு. கடைக்காரர் கத்தியால் டேப்பைக் கிழிப்பார், தெர்மோகோலைப் பிடுங்குவார், பாலிதீன் உறையிலிட்ட என் கையேட்டை ஓரக்கண்ணாலும் பாராமல் மூலையிலுள்ள அட்டைக் குவியலில் வீசுவார், வாரண்டி அட்டையை மாத்திரம் இரு கைகளாலும் எடுத்து, முத்திரை குத்தி, பில்லோடு ஸ்டேப்ளர் அடித்து, பிரசாதம் கொடுப்பதுபோல் நீட்டுவார். இத்தனைக்கும் அந்தக் கையேட்டின் முதல் பக்கத்தில், "உபயோகிக்கும் முன் இதை முழுவதும் படிக்கவும்" என்று நான் மூன்று பாஷைகளில் எழுதியிருந்தேன். பின்னர் காகிதம் போய் இணையம் வந்தது. கையேட்டுக்காரன் கன்டென்ட்காரன் ஆனேன். அதன்பின் கம்பெனிகளுக்கு 'சமூகங்கள்' உண்டாகி, அவற்றை மேய்க்கிற வேலையும் வந்து சேர்ந்தது. பெயர் மாறிற்றே தவிர, படிக்காதவர்கள் அதே ஆசாமிகள்தான்.

போகட்டும். கேள்வி கேட்பவர்களையாவது சகித்துக்கொள்ளலாம். ஏதோ ஒன்று வேண்டுமென்றுதானே கேட்கிறார்கள்? என் பிராணனை வாங்குவது அந்தக் கூப்பிய கரம். ஜப்பானிய டெலிபோன்களிலிருந்து புறப்பட்டு 2010-இல் யூனிகோட் என்ற உலக எழுத்து வரிசையில் இடம்பெற்ற சித்திரம் அது. மேனாட்டார் அதைப் பார்த்துவிட்டு, இது ஜபமா, அல்லது இரண்டு பேர் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொள்ளும் உற்சாகமா என்று வெகு காலம் விவாதித்தார்கள். நமக்கு உருவத்தில் சந்தேகமே கிடையாது. அர்த்தத்தில்தான் சந்தேகம். லிஃப்ட் பழுது என்று அறிவித்தால் கூப்பிய கரம் வருகிறது. பழுது நீங்கியது என்றாலும் வருகிறது. பராமரிப்புத் தொகை கட்டாதவர்களின் பட்டியலைப் போட்டால், கட்டாதவர்களிடமிருந்தே முதலில் வருகிறது, அது மன்னிப்பா, சவாலா, "பார்த்துக்கொள்கிறேன், போய் வா" என்ற ஆசீர்வாதமா என்று நிச்சயிக்க முடியவில்லை. சண்டை போடுகிற இருவரில் ஒருவர் கை கூப்பினால் அவர் தோற்றார் என்று எண்ணி நாம் சந்தோஷப்படும்போது, எதிராளியும் கூப்பிவிடுகிறார், பிறகு மறுநாள் காலையில் இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு, எதற்குமல்லாமல், யாருக்குமல்லாமல், தனியே ஒரு கூப்பிய கரம் வந்து நிற்கிறது, அதற்கு ஐந்து மணிக்கு எழுந்த ஒருவர் கூப்பிய கரத்தால் பதில் அளிக்கிறார்.

நாலாம் மாடிக்காரர் தம்முடைய மாமனார் காலமான செய்தியை, தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்புக்கு அடுத்தபடியாகப் போட்டுவிட்டார். உடனே கூப்பிய கரங்கள் வரிசையாக வரத் தொடங்கின. அவற்றில் எவை தொட்டிக்கு, எவை மாமனாருக்கு என்று பிரிக்க வழியில்லை. தொட்டியைச் சுத்தம் செய்த காண்டிராக்டர் அத்தனையும் தமக்கென்று எடுத்துக்கொண்டு, "எல்லாம் உங்கள் ஆசீர்வாதம், அடுத்த மாதமும் சேவைக்குக் காத்திருக்கிறேன்" என்று எழுதினார். அதற்கும் கை கூப்பினார்கள்.

2015-இல் அந்தக் கரத்துக்கு ஐந்து சரும நிறங்களும் சேர்க்கப்பட்டன. இதனால் சமத்துவம் வளரும் என்று எண்ணியவர்கள் நமது மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்திராதவர்கள். எங்கள் கர்னல் தமது இயற்கை நிறத்தைவிட மூன்று படி வெளுத்த கரத்தையே கூப்புகிறார். இந்தக் குடியிருப்பு முழுவதிலும் உள்ளபடியான மாநிறக் கரம் கூப்புகிறவன் நான் ஒருவனே, அதைப் பார்த்து, "மதராஸி அங்கிள் மாத்திரம் ஏன் வேறு கை போடுகிறார்?" என்று ஒரு குழந்தை கேட்டதாம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 2016-இல் 256 பேர் இருக்கலாம் என்றிருந்ததை 2022-இல் 1,024 பேர் வரை உயர்த்தியிருக்கிறார்கள். ஒரே அறிவிப்புக்கு 1,024 கரங்கள் கூப்பப்படும் சாத்தியத்தைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். எந்தக் கோயிலில் எந்தத் தெய்வம் இதைத் தாங்கும்? மலை மந்திர் முருகன்கூட ஆர்.கே. புரத்திலிருந்து இறங்கிப் போய்விடுவான்.

சட்டம் எங்களைப் போன்றவர்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இணையக் குழுவில் ஒருவர் எழுதிய அவதூறுக்குக் குழுவின் நிர்வாகி பொறுப்பாளியா என்ற வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2016-இல் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா, பொறுப்பாளி அல்லர் என்று தீர்ப்பளித்தார். பத்திரிகையில் அவதூறு வெளிவந்தால் அதற்காகப் பத்திரிகைக் காகிதம் தயாரித்தவரைக் குற்றவாளியாக்குவது எப்படியோ அப்படி என்பது அவர் காட்டிய உபமானம். 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் அட்மின்களை விடுவித்துவிட்டது. நியாயமான தீர்ப்பு, நான் நன்றியுள்ளவன். ஆனால் எழுத்தே ஜீவனமாக இருந்த ஒருவனுக்கு, சட்டத்தின் கண்ணில் தன்னுடைய ஸ்தானம் காகித வியாபாரியின் ஸ்தானம் என்று தெரிய வரும்போது உண்டாகும் உணர்ச்சியை, சந்தோஷம் என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிட முடியாது. காகித வியாபாரியிடம் யாரும் ஜலம் எப்போது வரும் என்று கேட்பதில்லை; அந்த அளவில் அவர் பாக்கியசாலி.

அக்காள் மகன் விஷயத்துக்கு இப்போது வந்திருப்பேன். அதற்குள் எங்கள் செயலாளர், என் அறிவிப்பு "கொஞ்சம் வறட்சியாக" இருந்ததாகக் கருதி, அதை ஒரு செயற்கை நுண்ணறிவு யந்திரத்திடம் கொடுத்துச் செப்பனிட்டுக் குழுவில் மறுபடி வெளியிட்டார். அன்பார்ந்த குடியிருப்போர் யாவரும் பூரண சௌக்கியத்துடன் இருப்பதாக நம்புவதில் ஆரம்பித்து, ஜலம் மனித குலத்துக்கு எவ்வளவு விலைமதிப்பற்றது என்பதை மூன்று பத்திகளில் விஸ்தரித்து, இந்தச் சவாலான காலகட்டத்தில் நாம் அனைவரும் கைகோத்து நிற்போம் என்று அது முடிந்திருந்தது. இடையில் இரண்டு ஜலத்துளிச் சித்திரங்களும் ஒரு பூமி உருண்டையும் இருந்தன. நேரம் மாத்திரம் இல்லை. "எழுத்து என்றால் இது" என்று கர்னல் பாராட்டினார். யாருமே சந்தேகம் கேட்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாதிப் பேருடைய மோட்டார்கள் வெறும் காற்றை உறிஞ்சிக் கதறின. தீபாவளிக்குப் பிறகு கால்வாய் திறந்ததும் அதற்கும் ஓர் அறிவிப்பு நான் எழுத வேண்டுமாம். இந்தி, ஆங்கிலத்தோடு பஞ்சாபியிலும் இருந்தால் இன்னும் விளங்கும் என்பது கர்னலின் அபிப்பிராயம்.