வருக வருக, கட்டணம் தருக!

பிரிட்டன் அறிவைக் கும்பிடும் நாடு. சந்தேகமே வேண்டாம். உலகத்து ஆய்வாளர்களை அழைப்பதற்கென்றே 2020 பிப்ரவரியில் 'குளோபல் டேலண்ட்' என்று தனி விசா கொண்டுவந்தார்கள். ராயல் சொசைட்டி போன்ற அறிஞர் சபை "இவர் சரக்குள்ள ஆள்" என்று சான்று தந்தால் போதும், ரத்தினக் கம்பளம் விரியும். கம்பளத்துக்கு வாடகை தனி.

அந்த வாடகையைப் பார்ப்போம். 2025 விகிதப்படி விசாவுக்குத் தலைக்கு 766 பவுண்டு. அது சில்லறை. அடுத்த பக்கத்தில் காத்திருக்கிறது சுகாதாரக் கூடுதல் கட்டணம்: பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776. மாதாமாதம் கட்டலாமா? கூடாது. ஐந்தாண்டு விசா என்றால் ஐந்தாண்டுப் பணத்தையும் விமானம் ஏறும் முன்பே மொத்தமாக எண்ணி வைக்க வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு 21,174 பவுண்டு. ரூபாயில் இருபது லட்சத்துக்கு மேல். இளம் ஆய்வாளர் ஒருவர் அங்கே ஆண்டெல்லாம் உழைத்து வாங்கப்போகும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி.

வைத்தியம் பார்க்கிறார்களே, கொடுக்க வேண்டாமா? கொடுக்கலாம்தான். ஆனால் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை ஓடுவதே வரிப்பணத்தில். ஆய்வாளரோ முதல் சம்பளத்திலேயே வருமான வரியும் தேசியக் காப்பீடும் கட்டுகிறார். ஒரே ஊசிக்கு இரண்டு பில்!

2015இல் இந்தக் கட்டணம் 200 பவுண்டு. பத்தாண்டுக்குள் ஐந்து மடங்கு. 2023 ஜூலையில் அரசு ஊழியர் சம்பள உயர்வுக்குப் பணம் தேடிய அன்றைய பிரதமர் ரிஷி சுனக்கின் கண்ணில் குடியேறிகளின் சட்டைப்பை பட்டது. உள்ளூர்க்காரர்மேல் வரி போட்டால் தேர்தலில் தோலை உரித்துவிடுவார்கள். சென்னையில் கைரேகை வைக்க வரிசையில் நிற்பவனுக்கு அங்கே ஓட்டா இருக்கிறது? இத்தனைக்கும் சுனக், குடியேறிய குடும்பத்துப் பிள்ளை; அப்பா அதே மருத்துவச் சேவையில் டாக்டர். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு தேவையா?

2024இல் ஆட்சி மாறியது; சுகாதாரக் கட்டணம் மாறவில்லை. 2025 ஜூனில் புதிய அரசு, வெளிநாட்டு அறிஞர்களை ஈர்க்க 5.4 கோடி பவுண்டு நிதி அறிவித்தது. அதில் வரப்போகிறவர்கள் 60 முதல் 80 பேர். ஆயிரக்கணக்கானோரை வாசலில் மறித்துப் பிடுங்குவது, எண்பது பேருக்கு வழிச்செலவு கொடுத்துப் பெயர் வாங்கிக்கொள்வது. வள்ளல்தான்!

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அமெரிக்காவை விட்டு 1999இல் கேம்பிரிட்ஜ் போனார். 2009இல் நோபல் பெற்றார். பிறகு ராயல் சொசைட்டிக்கே தலைவரானார். அன்று இந்தக் கட்டணம் இல்லை. இன்று அவரைப் போல் ஒருவர் கிளம்பினால், ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் நகைக்கடன் கவுன்டருக்குப் போக வேண்டும்.

வேலைக் கடிதம் வந்ததும் துள்ளிக் குதிக்கும் தம்பி, தங்கைகளே, ஒப்புக்கொள்ளும் முன் ஒன்று கேளுங்கள்: என் கட்டணத்தை மட்டுமா, குடும்பத்தின் கட்டணத்தையும் பல்கலைக்கழகம் கட்டுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "நீங்கள் மகத்தான திறமைசாலி" என்று எழுதிய கடிதத்தை எந்த வங்கியும் அடகுக்கு எடுக்காது.