பின்னச்சு எண்ணெய்: ஒரு மூலபாட ஆய்வு

சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தில் காய்கறி இறக்கும் லாரிகளின் பின்னச்சு டிஃபரன்ஷியலில் எந்த கியர் ஆயிலை ஊற்றுவது என்னும் வினா செம்பதிப்புக் காணாமல் கிடக்கிறது. அக்குறை இன்றோடு நீங்குகிறது.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பெட்டிக்குள்ளேயே ஒடுங்கிவிட்டதால் அவை ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவை.

தோற்றம்: 1827இல் பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்றார் என்பர். நம் தேர்களில் அதற்கு முன்பே இருந்ததென நிறுவ ஒரு கருத்தரங்கு போதும். மதியச் சாப்பாடு உண்டென்றால் அரைநாளே போதும்.

மூல ஏடு: சிராங்கூன் சாலையோரம் நின்ற லாரியின் இருக்கைக்கடியில் கிடைத்த புட்டி (இனி 'பு'). அதில் எண்ணெயின் தரக்குறியான 'ஜிஎல்-' என்பதை அடுத்த எண் கறையால் சிதைந்துள்ளது. 4 என்பாரும் உளர். 5 என்பாரும் உளர். ஹைப்பாய்டு வகை டிஃபரன்ஷியலில் சிறு பல்சக்கரமான பினியன், பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் மையத்திலிருந்து விலகி அமர்வதால் பற்கள் உருள்வதோடு வழுக்கியும் உரசுகின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் மிகுந்த ஜிஎல்-5 வேண்டும். அதையே கியர்பெட்டியில் ஊற்றினால் சில சேர்மானங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். எனவே பின்னச்சுக்கு 5 என்பதே பாடம், 4 இடைச்செருகல் (பு, மூடியின் உட்புறம், ஒப்பிடுக: அதே புட்டி, தலைகீழாக).

இனி, பனிக்காலச் சிக்கல். 75டபிள்யூ என்னும் பாகுநிலைக் குறி பெற, எண்ணெய் சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் இறுகிவிடாதிருக்க வேண்டும். 80டபிள்யூவுக்குக் கீழே 26, 85டபிள்யூவுக்குக் கீழே 12. சிங்கப்பூரிலோ விடிகாலை மழையிலும் 22க்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் தீபாவளிச் சந்தையில் பனி கொட்டும் நாளை முன்னிட்டு 75டபிள்யூவே தக்கது என்கிறது வடதுருவப் பள்ளி (பு, பின்பக்கம், 3ஆம் கறை, ஈரப்பதிப்பு, மேலும் காண்க: ஓட்டுநர் சட்டை, இடக்கை, மாசி மாதப் படிவு, துவைப்பதற்கு முந்தைய பாடம்). வெப்பமண்டலப் பள்ளி 85டபிள்யூ-140ஐ உயர்த்திப் பிடிக்கிறது. இருதரப்பும் வண்டிக்கு அடியில் படுத்ததில்லை. வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்தால் விடை அச்சிலேயே இருக்கும். ஆனால் மூலநூலைப் படித்துவிட்டு ஆய்வது நம் துறையில் மரபன்று.

லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியலுக்கு அதற்குரிய சேர்மானமும் வேண்டும். அவ்வளவே.

களப்பணி: வடிக்கும் திருகைக் கழற்றுமுன் ஊற்றும் துளையின் திருகு கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். அது துருவேறி இறுகியிருந்தால், பழையது போய்ப் புதியது புக வழியின்றி லாரி பட்டறையிலேயே தங்கும். பல வண்டிகளில் துளை விளிம்பில் எண்ணெய் கசியத் தொடங்குவதே நிறைவுக்கு அடையாளம். பட்டறை அண்ணன் இவ்வியலை, "மொதல்ல மேல தெறங்க, அப்புறம் கீழ" என ஐந்தே சொல்லில் முடித்தார். அதற்கு விருத்தியுரை எழுத நிதி கோரப்பட்டுள்ளது.