கூனிக்கு எத்தனை பக்கம், தாயி?

வா தாயி, உக்காரு. சீதையை வச்சு நாவல் எழுதப்போறியாம்லா, உங்கப்பன் சொன்னான். நல்ல காரியம். ராமனைப் பாடுனவுகளுக்குக் கொறச்சலே இல்ல, சீதையும் நாலு வார்த்தை பேசிட்டுப் போகட்டும். ஆனா ‘இதுவரை யாரும் கேக்காத கேள்வி’ன்னு அட்டையில போடப்போறியாம். அதக் கேட்டதும் வெத்தலை எனக்குப் புரையேறிப்போச்சு.

நம்ம புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதுனது 1943-ல. உங்கப்பனே பொறக்கல. ராமன் சொல்லி நெருப்புல இறங்குன சேதியச் சீதை வாயாலயே கேட்ட அகலிகை, கடைசியில மறுபடியும் கல்லாப்போயிருதா. பிரசங்கம் கிடையாது. உன் சீதை பட்டிமன்றத்துக்கு வந்தவ மாதிரி பக்கம் பக்கமாப் பேசுதாளாம். மணி அடிக்க ஒரு நடுவரையும் போட்டுரு.

தெலுங்குல ஓல்கா ‘விமுக்தா’ன்னு எழுதுனாக, 2015-ல சாகித்ய அகாதெமி பரிசு வாங்குனது. அதுல மூக்கறுபட்ட சூர்ப்பணகை மூலையில உக்காந்து அழல. தோட்டம் போட்டு ஆளாக்கி வச்சிருக்கா. சீதை தேடிப் போயி அவகூடப் பேசுதா.

‘எல்லாம் வாசிச்சாச்சு தாத்தா’ம்ப. சரி, ராணிகளுக்கெல்லாம் நியாயம் வாங்கிக் குடுக்கியளே, அரண்மனையில தண்ணி தூக்குனவளுக்கு? கனடாவுல மார்கரெட் அட்வுட்னு ஒரு அம்மா, 2005-ல கிரேக்கத்துப் பெனலோப்பி கதைய எழுதுனாக. புருசன் ஒடிசியஸ் இருபது வருசம் கழிச்சு வீடு திரும்புதான். வந்த கையோட பன்னெண்டு வேலைக்காரப் பிள்ளைகளத் தூக்குல தொங்கவிட்டுருதாவ. இது பழைய காவியத்துலயே உள்ளதுதான். அந்தம்மா என்ன செஞ்சாகன்னா, ராணி தன் கதையச் சொல்லிக்கிட்டு இருக்கையில, செத்த பன்னெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டிவந்து குறுக்க குறுக்கப் பாடவிட்டாக. ராணி சொல்லுததையும் அப்பிடியே நம்ப முடியாதபடி ஆக்கிருதுக அந்தப் பிள்ளைக. எமகாதகி!

இப்ப நம்ம கம்பர்கிட்ட வா. சின்னப் பிள்ளையில ராமன் வில்லுல மண்ணுருண்டைய வச்சுக் கூனி முதுகுல அடிச்சான். ராசா வீட்டுப் பிள்ளை செஞ்சா அது விளையாட்டு. நம்ம தெருவுல ஒரு பய செஞ்சிருந்தா முதுகுத்தோல உரிச்சிருப்போம். அவ அத மறக்கல. முடிசூட்டுற நேரம் பாத்துக் கைகேயி காதுல ஓதி, அயோத்தியையே அழவச்சா. நாம பதிலுக்கு, ஊருல கோள் சொல்லுத பொம்பளைக்கெல்லாம் அவ பேர வச்சோம்.

நீ பெண்ணியம்னு பேசுத ஆளு. அந்த உருண்டை முதுகுல பட்ட அன்னைக்கு ராத்திரி அவ எப்பிடிப் படுத்தான்னு ஒரு பத்துப் பக்கம் எழுதிக் கொண்டா. சீதைய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அத வாசிச்சுச் சொல்லுதேன்.