தே வேண்டாம், மைலோ போதும்

தொண்ணூறுகளில் ஜொகூரின் ஏதாவது ஒரு தாமானில் வளர்ந்தவர் நீங்கள் என்றால் உங்களுக்கும் அந்த இரண்டு பேரை நினைவிருக்கலாம்: உச்சி வெயிலில், நாய்கூட லோரியின் அடிநிழலை விட்டு எழுந்திருக்காத நேரத்தில், வெள்ளைச் சட்டையும் டையும், சட்டைப் பையின் மேல் கறுப்புப் பெயர்ப் பட்டையும், தலையில் ஹெல்மெட்டுமாக, ஒருவர் பின்னால் ஒருவராகச் சைக்கிள் மிதித்துப் போன வெள்ளைக்காரப் பையன்கள். மொர்மன் பையன்கள் என்று சொல்லுவோம். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கி, பிறகு மேற்கே நகர்ந்து யூட்டாவில் வேரூன்றிய ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ அனுப்பி வைத்த ஊழியர்கள். ஸ்கூடாய் பக்கம் எங்கள் வரிசையின் கடைசி வீட்டை அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒருவன் வேறு ஊருக்கு மாறிப் போவான், இன்னொருவன் பெட்டியோடு வந்து இறங்குவான். அப்படி வந்தவர்களில் அதிக நாள் தங்கியவனும் எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டவனும் ஐடஹோ மாநிலத்துப் பையன் ஒருவன்.

அவனுக்கு வயது 19. அந்தச் சபையில் ஆண்பிள்ளைகள் அந்த வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி ஈராண்டு ஊழியம் செய்வது வழக்கம். சம்பளம் கிடையாது, சொந்தச் சேமிப்பும் குடும்பத்தார் தருவதும்தான் செலவுக்கு. போகும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு கடிதம் வரும், அதில் எந்த நாடு எழுதியிருக்கிறதோ அந்த நாடு. அந்தக் கடிதம் வந்த நாளைப் பற்றி அவன் சொல்லிக் கேட்க வேண்டும்: அக்கா கணவர், சித்தப்பா, தாத்தா என்று எல்லோரும் வந்து சேரும்வரை உறையைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்து, பிரித்ததும் ‘சிங்கப்பூர் மிஷன்’ என்று வாசித்து, அதற்குள்தான் மலேசியாவும் அடக்கம் என்று தெரிந்துகொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து அட்லஸை இறக்கித் தரையில் விரித்து, குடும்பமே குனிந்து தேடியதாம், தாத்தா ஆப்பிரிக்காவில் தேடிக்கொண்டிருந்தாராம். 2018 முதல் அந்த அழைப்பு இணையத்திலேயே வந்துவிடுகிறது. மலேசியா என்ற சொல்லை வாசித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கைப்பேசியில் ஜொகூர் பாருவின் தெருக்களைக் காட்டிவிடுவார். நல்லதுதான், பிள்ளை போகும் இடத்தை உடனே பார்த்துவிடலாம். ஆனாலும் அந்த அட்லஸைச் சுற்றி எல்லோரும் குனிந்திருந்த நேரத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. நான் அங்கே இல்லாதபோதும்.

அப்போது நான் எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கா ஒன்றுதான் எனக்குத் தெரிந்த அமெரிக்கா: வானைத் தொடும் கட்டடங்கள், மஞ்சள் டாக்சிகள். நியூயார்க்கைப் பற்றி நான் ஆவலோடு கேட்க, அவன் தன் வாழ்நாளில் அங்கே போனதே இல்லை என்றும், தங்கள் ஊரில் உருளைக்கிழங்கும் மாடுகளும்தான் என்றும், விடியற்காலையில் எழுந்து பால் கறந்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன் என்றும் சொன்னபோது, வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அம்மா குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டிப் பால் ஊற்றிப் பிழைத்த குடும்பம். “எத்தன மாடு தம்பி? கையிலயா, மெசின்லயா?” என்று அம்மா தமிழில் கேட்க, நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவன் இரண்டு கைவிரல்களாலும் கறந்து காட்ட, அன்று ஆரம்பித்த பேச்சு அவன் ஊரை விட்டுப் போகும்வரை தீரவில்லை. கன்று ஈனும்போது தலை திரும்பிக்கொண்டால் அவர்கள் ஊரில் என்ன செய்வார்கள், மடி வீங்கினால் என்ன மருந்து, குளிர்காலத்தில் வைக்கோல் எங்கே கிடைக்கும். வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவனிடம் அம்மா கேட்டதெல்லாம் மாட்டைப் பற்றித்தான், அவனும் ஊருக்கே திரும்பிப் போய்விட்டவனாக அவ்வளவு உற்சாகத்தோடு பதில் சொன்னான்.

எங்கள் வீட்டில் யார் வந்தாலும் முதல் கேள்வி, “தண்ணி கலக்கட்டுமா?” என்பதுதான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அம்மா அவர்கள் இருவருக்கும் தே கலக்கிக்கொண்டு வர, வேண்டாம் என்றார்கள். கோப்பி என்று கேட்க, அதுவும் வேண்டாம் என்றார்கள். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சபையில் 1833-லிருந்து வரும் கட்டுப்பாடு அது, மதுவும் புகையிலையும் எப்படியோ அப்படித்தான் தேயிலையும் கோப்பியும் என்று அவன் திணறித் திணறி விளக்க, நான் அதைத் தமிழில் சொல்ல, அம்மா எழுந்து உள்ளே போய்ப் பச்சை மைலோ டின்னைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, “இது ஆகுமா?” என்று காட்டினார். ஆகும் என்று இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பீங்கான் அலமாரியில் அவர்களுக்கென்று இரண்டு கோப்பைகள் தனியாக நின்றன. ஜொகூர் பாருவில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் லாத்தே விற்கும் கடைகள். 2019-இல் அந்தச் சபையின் இளைஞர் இதழ், பச்சைத் தேயிலையும் விதவிதமான கோப்பிப் பானங்களும்கூட ஆகாது என்று விளக்கம் எழுத வேண்டிய அளவுக்கு உலகம் மாறிவிட்டது. 2024 டிசம்பரில் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றையும் பற்றிய செய்தியை வாசித்ததும், இதில் அந்தப் பையன் முதல் இரண்டையும் எத்தனை ஆசையோடு சாப்பிடுவான், மூன்றாவதை மட்டும் எப்படித் தள்ளி வைப்பான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மதம் பரப்ப வந்தவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அதற்காகத்தான் வந்தார்கள். அப்பா அதை முதல் நாளே நேராகப் பேசிவிட்டார்: எந்த நேரமும் வரலாம், சாப்பிடலாம், அவர்கள் சாமியைப் பற்றியும் சொல்லலாம், எங்கள் சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து மட்டும் அதைப் பேசக் கூடாது. அவன் அந்த எல்லையை ஒருநாளும் தாண்டவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் மதம் மாறவில்லை. இந்த நாட்டு அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஜொகூரிலும் 1991-இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. ஆகவே எதிர்வீட்டுப் பாக் சிக்கிடம் அவர்கள் மதம் பேசியதே இல்லை. அவர் நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பிய கெத்துப்பாட்டைச் சாப்பிட்டார்கள், அவர் வீட்டு ரம்புத்தான் மரத்தில் ஏறிப் பறித்துக் கொடுத்தார்கள், மீன் பிடிக்கும் கதைகளைப் பேசினார்கள். பேசக் கூடாதது ஒன்று இருந்ததால் பேசக்கூடிய மற்ற எல்லாவற்றையும் அவர்கள் பேசித் தீர்த்ததாக எனக்கு இப்போது படுகிறது.

ஜொகூரின் ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு கதை. 1994-க்கு முன்னால் இங்கே வெள்ளிக்கிழமைதான் ஓய்வுநாள். ஞாயிறன்று நாங்கள் சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள். பிறகு சனி, ஞாயிறு வந்தது. 2014-இல் மறுபடி வெள்ளி, சனி. 2025 ஜனவரியிலிருந்து மறுபடி சனி, ஞாயிறு. இத்தனை மாற்றத்திலும் கடைவீட்டு மாடி ஒன்றில் அந்தச் சபையின் ஞாயிறு ஆராதனைக்குக் கூடுகிறவர்கள் கூடிக்கொண்டேதான் இருந்தார்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸையும் பிடிக்க வேண்டும், பாட்டையும் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்ட ஆண்டுகளும் அதில் உண்டு.

திங்கட்கிழமைதான் அவர்களுக்குச் சொந்த வேலை பார்க்கும் நாள். துணி துவைப்பது, பசாருக்குப் போவது, வீட்டுக்கு ஏரோகிராம் எழுதுவது. கடலையே பார்க்காமல் வளர்ந்த அந்தப் பையனை ஒரு திங்கட்கிழமை லீடோ கடற்கரைக்கு அழைத்துப் போனேன். ஊழியக் காலத்தில் நீந்தக் கூடாது என்பது அவர்கள் விதி. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கரையோரத்தில் நின்று, எதிரே தெரிந்த சிங்கப்பூரையும் 1924-இல் திறந்த பாலத்தின்மேல் வரிசை கட்டி நின்ற லோரிகளையும் வெகுநேரம் பார்த்தான். அவன் துணைவன் ஓரடி தள்ளி நின்றான், ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக் கூடாது என்பதும் விதிதான். 1997-இல் புகைமூட்டம் வந்தபோது அந்த எதிர்க்கரையே தெரியாமல் போனது. உலர்ந்த மலைக்காற்றில் வளர்ந்தவன் இருமி இருமித் துவண்டான். அம்மா மிளகு ரசம் வைத்து ஜாடியில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் இதை எழுத வேண்டாம், அம்மா பயப்படுவார் என்று அவன் துணைவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கடிதம் போய்ச் சேரவே பல நாள், பதில் வர இன்னும் பல நாள். அதற்குள் புகை கலைந்துவிடும், இருமல் நின்றுவிடும். தூரம் அப்படி ஒரு தாய்க்கு எத்தனை கவலைகளை மிச்சப்படுத்தியதோ, எத்தனை கவலைகளைக் கொடுத்ததோ.

அந்த நாளில் அவர்கள் ஆண்டுக்கு இரண்டே முறை, அன்னையர் தினத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான், வீட்டோடு தொலைபேசியில் பேசலாம். டிசம்பர் 26 காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அங்கே இன்னும் கிறிஸ்துமஸ் மாலை. அவன் பேசினான், சிரித்தான், பிறகு பேச்சு வராமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அம்மா எழுந்து போய் ரிசீவரைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் இருந்த தாயிடம் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்: “ராத்திரி பத்தரைக்கு லைட்டு அணைஞ்சிருதும்மா. காலையில ஆறரைக்கு எழும்பிர்றான். சாப்பாட்ட மிச்சம் வைக்கிறதில்ல. மாட்டு ஞாபகமாத்தான் இருக்கான், வேற ஒண்ணும் இல்ல.” நான் ஓடிப் போய் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இலக்கணமெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வேலைக்கு ஆனது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த நன்றியை எப்படித் தமிழில் சொன்னேன் என்று நினைவில்லை.

2019 பிப்ரவரியில் சபை அந்த விதியைத் தளர்த்தியது. வாரம் ஒருமுறை, காணொளியிலும் பேசலாம். 2012-இலேயே வயது வரம்பையும் குறைத்திருந்தார்கள்: ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19. அவ்வளவு இளம் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரும்போது வாராவாரம் பெற்றவர்கள் முகத்தைப் பார்ப்பது சரிதான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய தகப்பன் என்ற முறையில் அதை நான் மனமார வரவேற்கிறேன். அண்மையில் ஒரு திங்கட்கிழமை காலை, கோப்பிக்கடையில் பெயர்ப் பட்டை மாட்டிய இரண்டு பையன்களைப் பார்த்தேன். ஒருவன் கைப்பேசியைச் சில்லி சாஸ் போத்தலில் சாய்த்து வைத்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திரையில் அவன் அம்மா, ஞாயிற்றுக்கிழமை மாலைவெயிலில், அவன் சாப்பிடுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வழி கேட்க ஆள் தேவையில்லை, கைப்பேசி காட்டுகிறது. மொழி சொல்ல ஆள் தேவையில்லை, அதையும் அதுவே செய்கிறது. வழி கேட்டு நின்றுதானே அந்த ஐடஹோ பையன் எங்கள் வாசலுக்கு முதன்முதலில் வந்தான்? இவர்களுக்கு அம்மாவோடு இருந்த தூரம் குறைந்துவிட்டது, அது பெரிய நிம்மதி. நம் சமையலறைக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்த குறுக்குவழியும் அதோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

அவன் ஊருக்குப் போய் எழுதிய கடிதத்தில்தான் அவனுடைய முதல் பெயர் எங்களுக்குத் தெரிந்தது. பெயர்ப் பட்டையில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருந்தது. உள்ளே ஒரு கறவை மாட்டின் படம், அம்மாவுக்கு. என் மகள் இப்போது மெல்பர்னில் வேலை பார்க்கிறாள். தினமும் பேசுகிறாள், என்ன சமைத்தாள் என்பது முதல் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால், “தெரியாதுப்பா, பார்த்ததே இல்ல” என்கிறாள். அவளுக்கு ஒரு முடையென்றால் நான் இங்கிருந்து கேட்க முடியும், கதவைத் தட்ட முடியாது.

உங்கள் வரிசையிலும் வாடகைக்கு வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள்: டை கட்டிய ஊழியர்கள், நேப்பாளத்திலிருந்து வந்த காவலாளிகள், ராமநாதபுரத்திலிருந்து சாப்பாட்டுக்கடை வேலைக்கு வந்தவர்கள். கையில் கைப்பேசி இருக்கிறது, தாயோடு பேசிக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஊரில் வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள்; மீதியை அவர்களே பேசுவார்கள்.