சிற்றில் சிதைத்த படலம்: பிள்ளையுள்ள வீட்டில் க்வில்லிங் பற்றிய ஓர் ஆய்வு

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு சொல்ல நேரம் கிடைக்குமா என்பது உள்ளறையில் தூங்குபவரைப் பொறுத்தது.

கைப்பிள்ளைக்காரி செய்யத்தக்க கைவினை எது என்ற கேள்விக்கு அக்கம்பக்கத்து அறிஞர்கள் பல விடைகள் பகர்ந்திருக்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியம் என்றார் ஒருவர். சாக்பவுடரையும் கோந்தையும் குழைத்து வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் ஒன்று கலவை காய்ந்திருக்கும், இல்லையென்றால் யாராவது அதைத் தின்றிருப்பார்கள். ஆரி வேலை என்றார் இன்னொருவர். ஆரி ஊசியும் தவழும் பிள்ளையும் ஒரே தரையில் இருக்கலாகாது. குரோஷா என்றார் மூன்றாமவர். நூல்கண்டு ஒன்று, பிள்ளை ஒன்று, அறை மூன்று உள்ள வீட்டில் அதன் விளைவை விளக்கத் தேவையில்லை.

எஞ்சியிருப்பது க்வில்லிங். 3 மி.மீ., 5 மி.மீ. அகலத்தில் வெட்டிய வண்ணக் காகித நாடாவை, முனையில் பிளவுள்ள ஊசியில் மாட்டிச் சுற்ற வேண்டும், விட்டால் தளரும், வேண்டிய அளவு தளர்ந்ததும் கடைசி முனையை ஃபெவிக்கால் வைத்து ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் கிள்ளினால் துளி, இரண்டு பக்கமும் கிள்ளினால் கண். துளிகள் சேர்ந்தால் பூ, கண்கள் சேர்ந்தால் இலை. தளரவே விடாமல் இறுக்கிச் சுற்றி, நடுவில் அழுத்திக் குவித்தால் ஜிமிக்கி. கலை இவ்வளவுதான். ஒரு சுருளைச் சுற்றி ஒட்ட ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். பிள்ளையுள்ள வீட்டில் இடையறாது கிடைக்கும் நேரமும் ஏறக்குறைய ஒரு நிமிடம். இவ்விரண்டும் பொருந்திப்போவது தற்செயலன்று, இக்கலை குறுக்கிடப்படுபவர்களாலேயே, குறுக்கீட்டுக்கென்றே வளர்க்கப்பட்டது என்பதே நம் கருதுகோள். இதைக் குறுக்கீட்டுக் கோட்பாடு என்க.

ஆய்வுக்களம்: சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை, பிற்பாடு ஃபிரிட்ஜின் தலை. ஆய்வுக்குட்பட்டவர்: ஒருவர், பெண்பால், இரண்டு வயதை நெருங்குபவர். பெயரை வெளியிட ஒப்புதல் கேட்டபோது பதிலுக்குக் கத்தரிக்கோலைக் கேட்டார். ஆகவே பெயர் இங்கே இல்லை.

வரலாற்றுச் சான்றுகளுக்கு வருவோம். ஐரோப்பாவில் இக்கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர்கள் கன்னிமாடத்துத் துறவியர். புத்தகங்களின் பொன்பூசிய ஓரத்தை வெட்டும்போது விழும் கீற்றுகளைச் சுருட்டி, புனிதர்களின் எலும்பும் உடைத்துணுக்கும் வைத்த பேழைகளை அலங்கரித்தார்கள். பொற்கம்பியில் இழைக்க வசதியில்லாததால் காகிதத்தில் இழைத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காசைப் பார்த்தவர்கள் மணியைப் பார்க்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவு விதி, பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் வழிபாட்டுக்குக் கூட வேண்டும் என்கிறது. அழைப்பு கேட்டதும் கையிலுள்ளதை அப்படியே போட்டுவிட்டு விரைய வேண்டும் என்கிறது அதன் 43ஆம் இயல். இப்படிப்பட்ட விதியின் கீழ் வாழ்ந்தவர்கள் பாதியில் போட்டாலும் கெடாத வேலையாகத்தானே பார்த்து எடுத்திருப்பார்கள்? ஒரு நாளைக்கு எட்டே எட்டு குறுக்கீடு, அதுவும் முன்கூட்டியே நேரம் சொல்லி. இந்த இடத்தைப் படித்தபோது ஆய்வாளருக்குத் துறவின்மேல் பற்று வந்தது உண்மை.

அடுத்த சான்று அரண்மனையிலிருந்து. 1791இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகள் இளவரசி எலிசபெத்துக்கு, அரண்மனைக்கு மரச்சாமான் செய்துதரும் சார்லஸ் எலியட் அனுப்பிய சரக்கு: பலவகைச் சுருட்காகிதம் 15 அவுன்ஸ், பொற்காகிதம் 1 அவுன்ஸ், சுருள் பதிக்கவென்றே செய்த பெட்டி ஒன்று, அதற்குப் பொருத்தமாகத் தேயிலைப் பெட்டி ஒன்று. கலை வரலாற்றாசிரியர்கள் இதில் காகிதத்தின் எடையைக் கவனிக்கிறார்கள். சுமார் 425 கிராம் வண்ணக் காகிதம் என்பது ஒருத்தியின் பொழுதுபோக்குக்கு நிறையத்தான். ஆனால் முதலில் சொன்ன பெட்டிக்குப் பூட்டும் சாவியும் இருந்ததாக அதே பட்டியல் சொல்கிறது. காகிதச் சுருளுக்கு எதற்குப் பூட்டு? மன்னருக்குப் பிள்ளைகள் 15 பேர். கடைக்குட்டி அமேலியா பிறந்தது 1783இல். பெட்டி வந்து இறங்கியபோது அவளுக்கு ஏழெட்டு வயது. வேறு விளக்கம் தேவையா?

மூன்றாவது சான்று இலக்கியம். ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் லேடி மிடில்டனின் மகள் அன்னமரியாவுக்கு வயது மூன்று. அம்மாவின் தலையலங்கார ஊசி கழுத்தில் லேசாகக் கீறியதற்கே வீட்டை இரண்டாக்கியவள். இவளுக்காக லூசி என்ற இளம்பெண் காகிதச் சுருளில் ஒரு கூடை செய்துகொண்டிருக்கிறாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்தால் கண் கெட்டுவிடும், இன்றைக்கு விட்டுவிடு, பிள்ளை ஏமாந்தால் நாளைக்குச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று தாய் நயமாகச் சொல்கிறாள். சொன்ன விதத்திலேயே பொருள் விளங்கிப்போய் லூசி உடனே வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கதாநாயகி எலினாரும் சுருட்டித் தருகிறேன் என்று பக்கத்தில் வந்து அமர்கிறாள். இருவருக்கும் பேசித் தீர்க்க வேண்டிய காதல் விவகாரம் ஒன்று இருக்கிறது. விமரிசகர்கள் எல்லாரும் அந்த விவகாரத்தின் பின்னால் போய்விட்டார்கள். நமக்கு முக்கியமானது ஒன்றே: சுருட்டுகிறவர்கள் இருவரும் கல்யாணமாகாதவர்கள்; பெற்றவள் சீட்டு மேசையில் இருக்கிறாள். அந்த நூற்றாண்டில் யார் யாருக்கு என்ன வேலை என்பது தெளிவாகவே பிரிக்கப்பட்டிருந்தது. ஒரே ஆள் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு கூடையையும் முடிக்க வேண்டும் என்பது நம் காலத்துச் சேர்க்கை.

இனி பருவப் பகுப்பு. இதற்காக மேனாட்டுக் குழந்தை உளவியலைத் தேடிப் போக வேண்டியதில்லை. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை என்று தொடங்கி, இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பத்துப் பருவங்களைப் பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்துவைத்திருக்கிறது. நம் முன்னோர்கள் க்வில்லிங் அறியாதவர்களாயினும் பகுப்பு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது.

காப்பு முதல் தால் வரை கலைக்குப் பொற்காலம். பிள்ளை பெரும்பாலும் வைத்த இடத்தில் இருக்கும். தூளிக் கயிற்றைக் கால்விரலில் கோத்து ஆட்டிக்கொண்டே கையால் சுருட்டலாம். ஆய்வாளர் இக்காலத்தில் இரண்டு வாழ்த்து அட்டையும் ஒரு விநாயகரும் முடித்தார். ஒன்பதாம் மாதம் சப்பாணி: கைகொட்டி விளையாடும் பருவம். மேசைக்கருகே உட்காரவைத்துக் கைகொட்டச் சொன்னால், அந்தக் காற்றுக்கே 3 மி.மீ. சுருள்கள் கட்டிலுக்கடியில் போய்விடும். இதைவிட முக்கியமான நிகழ்வு ஒன்றும் இதையொட்டியே நடக்கிறது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துச் சிறுபொருளைப் பொறுக்கும் திறன் ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் வருகிறது. சுருளைக் கிள்ளித் துளியாக்க வேண்டியதும் இதே இரண்டு விரல்கள்தாம். அதாவது ஆக்குபவருக்கும் அழிப்பவருக்கும் தேவையான தகுதி ஒன்றே. இருவருக்கும் அனுபவத்தில்தான் வேறுபாடு.

வருகைப் பருவத்தில் களம் ஃபிரிட்ஜின் தலைக்கு மாறிற்று. அம்புலிப் பருவத்தில் நிலாவை விளையாட அழைப்பதாகப் பாடுவது புலவர் மரபு. நம் வீட்டில் ஃபிரிட்ஜ் மேலிருந்த சிவப்பு மூடி போட்ட டப்பாவை அழைத்தார்கள். அழைத்த குரல் மூன்றாவது மாடி வரை கேட்டது.

பதினேழாம் மாதச் சிற்றில் பருவத்தில்தான் சற்று நிற்க வேண்டும். சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுவார்கள். பாட்டுடைத் தலைவன் வந்து காலால் உதைத்துச் சிதைப்பான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். இப்பருவம் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரியது என்பது மரபு. பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்று சாதுவான மூன்றைக் கொடுத்துவிட்டார்கள். பெண்பிள்ளைகளை மணல்வீட்டுக்கு அருகே மட்டும் பார்த்த புலவர்களின் முடிவு இது, காகிதப் பூவுக்கு அருகே பார்த்தவர்களின் முடிவன்று. விதி திருத்தப்பட வேண்டும்.

சிதைக்கும் முறையையும் பதிவு செய்துவிடுகிறோம். ஆய்வுக்குட்பட்டவர் பூவைக் கசக்குவதில்லை, கிழிப்பதில்லை. இதழ் ஒன்றைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒட்டிய முனை எங்கே என்று நகத்தால் தேடுகிறார். முனை அகப்பட்டதும் மெல்ல உரிக்கிறார். காய்ந்த ஃபெவிக்கால் கண்ணாடித் தோலாக ஒரு பக்கம் எழும்புகிறது. அதைத் தனியே எடுத்து என் உள்ளங்கையில் வைக்கிறார். பிறகு நாடாவை இழுக்கிறார். சுருள் அவிழ்ந்து நீள்கிறது. விடுகிறார். காகிதம் தான் சுருண்டிருந்ததை மறக்காமல் துள்ளித் திரும்பச் சுருள்கிறது. இந்த இடத்தில் ஒரு சிரிப்பு. மறுபடி இழுப்பு, மறுபடி விடுப்பு, மறுபடி சிரிப்பு. ஐந்து இதழ்ப் பூவில் இதை ஐந்து தடவை செய்யலாம் என்பதை அவர் தாமே கண்டுபிடித்தார். க்வில்லிங்கில் இவ்வளவு பொறுமையோடு ஈடுபடும் வேறொருவர் அந்த வீட்டில் இல்லை, ஆய்வாளர் உட்பட.

பாதுகாப்பு பற்றிய இயல் கட்டாயம் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மையில் தொண்டையில் அடைக்கக்கூடிய சிறுபாகம் இருக்கிறதா என்று பார்க்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். பொம்மைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 9873இலும் இந்த உருளை உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் ஆபத்தானது. இனிக் கணக்கு. நாடாவின் நீளத்தைத் தடிமனால் பெருக்கினால் இறுகிய சுருளின் முகப்பரப்பு வந்துவிடும். நீளம் 45 செ.மீ., தடிமன் 0.15 மி.மீ. என்று கொண்டால் பரப்பு 67.5 சதுர மி.மீ.; விட்டம் சுமார் 9.3 மி.மீ. ஒரு சுண்டைக்காய். உருளைக்குள் தாராளமாகப் போகும். முனையோடு முனை ஒட்டிப் பதினொரு நாடாவைச் சுருட்டினால் 30.7 மி.மீ.; அப்போதும் போகும். பன்னிரண்டாவது நாடாவைச் சேர்த்ததும் 32.1 மி.மீ. ஆகி உருளையின் வாயில் நின்றுவிடுகிறது. ஆகவே பன்னிரண்டு நாடாவுக்குக் குறைந்த ஜிமிக்கி பிள்ளையுள்ள வீட்டில் செய்யத்தக்கதன்று. இது பன்னிரு நாடா விதி.

இந்த விதிக்கு இரண்டு தடைகள். ஒன்று, 32 மி.மீ. ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனால் எந்த ஊர்த் திருவிழா என்று கேட்கிறார்கள். இரண்டாவதுதான் வலுவானது: எஃகு உருளை மெல்லாது. எச்சிலில் நனைந்த காகிதம் எந்த அளவுக்கும் கட்டுப்படாது. எனவே கணக்கு சரியாக இருந்தாலும் டப்பா ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது.

மாற்றுக் கருத்துகளையும் பதிவு செய்வதே நேர்மை. மாமியார் மரபு இவ்வாய்வின் அடிப்படையையே கேள்வி கேட்கிறது.

“ஏம்மா, அந்தப் பேப்பரைச் சுத்துற நேரத்துக்கு நாலு கைமுறுக்கு சுத்தினா புள்ளயாவது திங்கும்ல?”

“எண்ணெய் காஞ்சுட்டிருக்கும்போது இவ எழுந்துட்டா என்ன அத்தை பண்றது?”

“எழுந்தா நான் தூக்கிக்கறேன். பேப்பருக்குன்னா தூக்க மாட்டேன்.”

இவ்வாதத்தின் கூர்மையை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். விரல் நுட்பம் ஒன்றே, சுருள் ஒன்றே, சிதைப்பதே பயன் என்ற வகையில் முறுக்கு ஒரு படி மேல். ஆயினும் அடுப்பைப் பாதியில் விட முடியாது என்பதால் முறுக்கு நம் கோட்பாட்டின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

கணவர் மரபு செயல்முறை சார்ந்தது. “நீ செய், நான் பாத்துக்கறேன்” என்பது அதன் முதல் சூத்திரம். “டயப்பர் எங்க வெச்சிருக்க?” என்பது இரண்டாவது. “இவ உன்னைத்தான் தேடுறா போல” என்பது நிறைவுச் சூத்திரம். மூன்றும் ஒரே சுருள் தளர்ந்து முடிவதற்குள் வந்துவிடும். அவர் பார்த்துக்கொள்ளும்போது குறுக்கீடு குறைவதில்லை, குறுக்கிடுபவர்தான் இருவராகிறார் என்பது கவனிக்கத்தக்கது. திணை வகுப்போர் இக்கலைக்கு உரிப்பொருளாக விழித்தலும் விழித்தல் நிமித்தமும் என்று கொள்வார்கள்.

ஃபெவிக்கால் பற்றி ஒரு துணைக்குறிப்பு. ஒட்டிய முனையைப் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அடைமழை நாளில் இருபது. பிள்ளையையும் வேலையில் சேர்த்துக்கொண்டால் அழிவு குறையும் என்ற நம்பிக்கையில் எண்ணும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. “ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து” என்று அவர் முடித்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டார். சுருள் திறந்துகொண்டது. மறுபடி எண்ணச் சொன்னபோது நேரே பத்திலிருந்து தொடங்கினார்.

ஆய்வின் குறைபாடு என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமென்றால் மாதிரி எண்ணிக்கையைச் சுட்டலாம். ஒரே பிள்ளையை வைத்துப் பொதுவிதி வகுப்பது முறையாகாது, இரண்டாவது ஒன்றாவது வேண்டும் என்று மாமியார் மரபினர் பொங்கல் முதலே வற்புறுத்தி வருகிறார்கள். பக்கத்து வீட்டு அறிஞர்களும் இதை வழிமொழிகிறார்கள். கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. நிதியில்லை, ஃபிரிட்ஜின் மேல் இடமும் இல்லை.